மல்ட்டிகலர் இருளும் அரிசி மூட்டையின் நிழலும்

தமிழில் இன்று வெளிவரும் நூல்களின் முகப்பட்டைகளைப் பத்துப் பதினைந்தாக எடுத்து மேசைமீது பரப்பி வைத்துப் பார்ப்பவர்க்கு ஓர் உண்மை புலப்படும். அவ்வட்டைகளில் எல்லாம் கதிரவன் இடப்பக்க மேல்மூலையிலேயே நிற்கிறான். நூல் நாவலாயினும் கவிதையாயினும், ஆய்வாயினும் மொழிபெயர்ப்பாயினும், தலைப்பெழுத்துகளின் நிழல் வலப்பக்கம் கீழ்நோக்கி, ஒரே தொலைவில், ஒரே மங்கலில் விழுகிறது. இஃது ஓவியர் கண்ட ஒளியன்று. ஃபோட்டோஷாப் மென்பொருள் 1998இல் வெளியிட்ட தன் ஐந்தாம் பதிப்பில் டிராப் ஷேடோ என்னும் வசதியை ஒரு சொடுக்கில் கிடைக்கும்படி செய்தது. அதில் நெடுங்காலம் இருந்த இயல்நிலைக் கோணம் 120 பாகை. அடர்த்தி 75 விழுக்காடு. யாரோ ஒரு பொறியாளர் எங்கோ ஓர் அலுவலகத்தில் அமர்ந்து, எதையாவது இட்டுவைக்க வேண்டுமே என்று இட்டுவைத்த எண்கள். பின்வந்த பதிப்புகளில் எண்கள் மாறின. பழக்கம் மாறவில்லை. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ் இலக்கியத்தின் வானியலை அவ்வெண்களே நிர்ணயித்து வருகின்றன.

நாம் நிழலுக்குப் பகைவர் அல்லோம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லையேல் 'இவர்கள் வெள்ளைத் தாளில் கறுப்பெழுத்து தவிர வேறெதையும் பொறுக்காத பண்டிதர்கள்' என்று நம்மை ஒரு மூலையில் உட்கார்த்திவிடும் வழக்கம் நம் சூழலில் உண்டு. நாம் எதிர்ப்பது நான்கு மைகளைக் குழப்பி உண்டாக்கும் மங்கல் நிழலை. நாம் வேண்டுவது அச்சகத்தார் ஸ்பாட் கலர் என்று சொல்லும் தனி மையில் விழும் நிழலை. இரண்டுக்கும் வேறுபாடு உண்டா, இருந்தால்தான் என்ன, இலக்கிய வாசகனுக்கு இதிலென்ன வேலை என்று கேட்பார்க்கே இதனை எழுதுகிறோம்.

வண்ணத்தைத் தாளில் ஏற்ற இருவழிகள் உண்டு. ஒன்று, நீலப்பச்சை, செந்நீலம், மஞ்சள், கறுப்பு என்னும் நான்கு மைகளை நுண்புள்ளிகளாகத் தெளித்து, கண்ணை ஏமாற்றி எல்லா வண்ணங்களையும் காட்டுவது. இதனையே நம் அச்சகங்கள் மல்ட்டிகலர் என்கின்றன. மற்றொன்று, வேண்டிய வண்ணத்தை மையாகவே குழைத்து எடுத்துக்கொண்டு, அதற்கென ஒரு பிளேட் செய்து அச்சிடுவது. காவி வேண்டுமானால் காவி மையே மெஷினில் ஏறும். அங்கே கண்ணை ஏமாற்றும் வேலை இல்லை. அமெரிக்காவின் பேன்டோன் நிறுவனம் 1963இல் இத்தகைய மைகளுக்கு எண்ணிட்டு, எந்த ஊரில் குழைத்தாலும் ஒரே வண்ணம் வருமாறு அளவுகளை வகுத்தது. அதற்கு முன்னும் பின்னும் நம்மூர் மெஷின்மேன்கள் எண் பார்க்காமல், கண்ணாடிப் பலகைமேல் கத்தியால் மையைக் குழைத்து, விரல்நுனியால் தாளில் தட்டிப் பார்த்தே அதைச் செய்துவந்தனர். கடும் ஆரஞ்சும், கிளிப்பச்சையும், ஆழ்ந்த ஊதாநீலமும் நான்கு மைக் கலவைக்கு எட்டாதவை. தனி மைக்கே எட்டும். இஃது அழகியற் கருத்தன்று, மைகளின் இயற்பியல்.

இனி நிழலுக்கு வருவோம். செம்மண் வண்ணத்தில் ஒரு தனி மை, அதனோடு கறுப்பு, இவ்விரண்டே கொண்டு ஓர் அட்டையை அமைப்பதாகக் கொள்வோம். தளம் முழுதும் செம்மண் மை நிறைந்து கிடக்கிறது. எழுத்துக்குக் கீழே நிழல் வேண்டும். கறுப்புத் தகட்டில் 30 விழுக்காட்டு ஸ்கிரீனில் நிழலின் வடிவத்தை இடுகிறோம். ஆஃப்செட் மைகள் பெரும்பாலும் ஒளி ஊடுருவும் தன்மையுடையவை. ஆகவே செம்மண் முதலில் விழுந்து, அதன்மேல் கறுப்பின் நுண்புள்ளிகள் விழும்போது, நிழல் சாம்பலாகத் தோன்றாமல் இருண்ட செம்மண்ணாகத் தோன்றுகிறது. இயற்கையில் நிழல் அப்படித்தான் விழும். செம்மண் தரையில் விழும் வேப்பமர நிழல் சாம்பல் நிறமாகவா இருக்கிறது? தரையின் வண்ணத்தையே ஆழப்படுத்திக் காட்டுகிறது. இரு மைகள் மட்டுமே கொண்டு இயற்கையின் இவ்விதியை அச்சில் கொணர்ந்துவிட முடிகிறது. நான்கு மைகள் கொண்டு அதைச் செய்யத் திணறுகிறோம் என்பதே வேடிக்கை.

அச்சகத்தார் இதனை ஓவர்பிரிண்ட் என்பர். மேல்மை கீழ்மையை அழிக்காமல் அதன்மேல் அமர்வது. இதற்கு மறுதலை நாக்-அவுட். மேலே ஒன்று வருமிடத்தில் கீழ்மையைக் குடைந்து எடுத்துவிடுவது. கணினி வடிவமைப்பில் இவ்விரண்டில் எது நிகழ வேண்டும் என்பதை வடிவமைப்பாளர்தாம் சொல்ல வேண்டும். சொல்லாது விட்டால், அல்லது கோப்பினை வேறொரு மென்பொருளுக்கு மாற்றும்போது தனி மை நான்கு மையாக உருமாறிவிட்டால், நிழலுக்குக் கீழே செம்மண் குடையப்பட்டு வெள்ளைத்தாள் வெளிப்படும். அவ்வெள்ளையின் மேல் சாம்பற் புள்ளிகள் விழும். எழுத்தைச் சுற்றிக் கண்ணாடிக் காகிதம் ஒட்டியதுபோல் ஒரு சதுர ஒளிவட்டம். நாமறிந்த ஒரு நண்பரின் சிறுகதைத் தொகுப்பு இவ்வாறே வெளிவந்தது. அச்சகத்தின் பெயர் வேண்டாம். பத்தாண்டு உழைத்து எழுதிய பதினோரு கதைகளின் மேல் திருமேனிக்கு ஒளிவட்டம் இட்டாற்போல் ஒரு வெண்சதுரம். கேட்டபோது கிடைத்த விடை, 'ஸ்கிரீனில் நன்றாகத்தானே இருந்தது' என்பது. ஆம், கணினித் திரையில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். திரை ஒளியால் ஆனது; தாள் மையால் ஆனது. திரையில் நிழல் என்பது ஒளியைக் குறைப்பது. தாளில் நிழல் என்பது மையைக் கூட்டுவது. இவ்வொன்றை விளங்கிக்கொள்ளாதவர் கையில் தமிழ் நூல்களின் முகங்கள் ஒப்படைக்கப்பட்டுள்ளன.

மங்கல் நிழலின் மற்றொரு வஞ்சகம் அதன் விளிம்பில் உள்ளது. இருளிலிருந்து ஒளிக்குக் கரைந்து செல்வதுபோல் திரை காட்டுகிறது. அச்சிலோ மூன்று விழுக்காட்டுக்குக் குறைந்த புள்ளிகள் பெரும்பாலும் தகட்டிலோ தாளிலோ காணாமற்போகும். கரைய வேண்டிய விளிம்பு சட்டென்று அறுந்து நிற்கும். மறுகோடியில் மாப்லித்தோ போன்ற பூச்சற்ற தாள் மையைக் குடித்து, 50 விழுக்காட்டுப் புள்ளியை 70ஐ ஒட்டிப் பருக்கச் செய்யும். ஒளியிருக்க வேண்டிய இடத்தில் வெறுமை, இருளிருக்க வேண்டிய இடத்தில் சேறு. நான்கு மைகளும் சேர்ந்த நிழலாயின் துன்பம் நான்கு மடங்கு. நீலப்பச்சை சற்று மிகுந்தால் நிழல் பாசி படிந்து தோன்றும். செந்நீலம் மிகுந்தால் காயம் கன்றிப்போனதுபோல் தோன்றும். ஆயிரம் படிகளில் முதற்படியும் கடைசிப்படியும் ஒரே நிழலைக் கொண்டிருந்தால் அது மெஷின்மேனின் புண்ணியம்.

இத்தனையும் புதுமை என்ற பெயரால் நடக்கின்றன என்பதே நம் சினத்துக்குக் காரணம். நிழலைத் தனி மையில் இடுவது ஏழ்மையின் அடையாளம், பழைய வழக்கம், மல்ட்டிகலருக்கு வசதியில்லாதவர் கைக்கொண்ட ஒப்பேற்று என்று எண்ணுகின்றனர். வரலாறு வேறு சொல்கிறது. இத்தாலியின் ஊகோ டா கார்ப்பி 1516இல் வெனிஸ் நகர ஆட்சி மன்றத்திடம் ஒரு தனியுரிமை வேண்டி விண்ணப்பித்தார். ஒளியையும் இருளையும் தனித்தனி மரக்கட்டைகளில் செதுக்கித் தனித்தனி மைகளில் அச்சிடும் முறைக்கு. ஜெர்மனியில் கிரானாக்கும் புர்க்மயரும் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே அதைச் செய்திருந்தனர் என்பது வேறு செய்தி. அம்முறையில் நிழல் என்பது படத்தின் ஓர் உறுப்பு. அதற்கென ஒரு கட்டை, அதற்கென ஒரு மை, அதற்கென ஒரு முடிவு. எழுத்துக்கு நிழலிடும் வழக்கமும் புதிதன்று. இலண்டனின் வின்சென்ட் ஃபிகின்ஸ் 1815இலேயே நிழலோடு வார்த்த எழுத்துகளைக் காட்டினார். அமெரிக்காவில் வில்லியம் பேஜ் 1874இல் வெளியிட்ட மர எழுத்து மாதிரி நூலில் ஓர் எழுத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கட்டைகள் உண்டு. ஒன்று முகத்துக்கு, மற்றது விளிம்புக்கோ நிழலுக்கோ. மேற்படிந்து அச்சாகும் இடத்தில் இரு மைகள் கலந்து மூன்றாம் வண்ணம் பிறக்கும். சுவரொட்டி அடிப்பவர்க்காகச் செய்த வணிகப் பொருள்தான் அது. இன்று பார்த்தாலும் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும்.

நம் நாட்டிலும் அவ்வாறே. இரவி வர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய கல்லச்சகத்தில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கல். சரஸ்வதியின் கன்னத்து நிழலும் புடவை மடிப்பின் நிழலும் நான்கு மைக் கலவையாலன்றி, அவ்வவற்றுக்கென்று குழைத்த மைகளால் வந்தன. கல்லின்மேல் பென்சில்போன்ற மெழுகுக்கோலால் புள்ளி புள்ளியாக இட்டு நிழலை வளர்த்த கைவினைஞர்களின் பெயர்கள் நமக்குத் தெரியா. சிவகாசியில் அச்சுத்தொழில் வேர்விட்டதும் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் வேண்டியிருந்ததால்தான். அந்தச் சிறு லேபிள்களை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். மூன்று நான்கு மைகளுக்குள் புலியின் வயிற்று நிழலையும் மயிற்கழுத்தின் மினுக்கத்தையும் கொண்டுவந்திருப்பார்கள். சேகரிப்பாளர்கள் இன்று அவற்றைத் தேடி அலைகின்றனர். இருபது ஆண்டுக்கு முந்தைய மங்கல் நிழல் அட்டைகளை ஐம்பது ஆண்டு கழித்து எவரும் தேடி அலைவர் என்று நமக்குத் தோன்றவில்லை.

இவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை. நாம் வாழும் திருவள்ளூர் மாவட்டத்திலேயே சான்று கிடைக்கிறது. செங்குன்றத்து அரிசி மண்டித் தெருக்களில் ஒரு காலைப்பொழுது நடந்து பார்க்கலாம். 25 கிலோ மூட்டைகளும், 2022 ஜூலையில் வரி விதிப்பு மாறியபின் புதிதாய்ப் பிறந்த 26 கிலோ மூட்டைகளும் (இவ்வொரு கிலோவின் பொருளியல் தனிக் கட்டுரைக்கு உரியது) அடுக்கடுக்காகக் கிடக்கும். நெய்த பிளாஸ்டிக் சாக்கு, நெகிழ் தகட்டு அச்சு, இரண்டோ மூன்றோ தனி மைகள். அரிசியின் பெயர் சிவப்பில். அதற்கு நிழல் கருநீலத்தில் அல்லது பச்சையில். நிழலின் விளிம்பு கத்தியால் நறுக்கியதுபோல் இருக்கும். கரைதல் இல்லை, மங்கல் இல்லை, புகை இல்லை. லாரியில் நாற்பதடி உயரத்தில் அடுக்கினாற்போல் தோன்றும் மூட்டைகளில், சாலையின் மறுபக்கத்திலிருந்து பெயரைப் படிக்கலாம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலிருந்து தேசிய நெடுஞ்சாலை 16இல் ஏறும் சரக்கு வண்டிகளிலும் இதே நிழலைக் காணலாம். நெளியட்டைப் பெட்டியின் பழுப்பு முதுகில் ஒரு மையோ இரு மையோ. அந்தப் பெட்டிகளை வடிவமைத்தவர் எவரும் அழகியல் பேசி நாம் கேட்டதில்லை. பொருள் தெரிய வேண்டும், பெயர் தெரிய வேண்டும், மை வீணாகக் கூடாது, மெஷின் சற்று ஆடினாலும் கெடக்கூடாது என்பவையே அவர்கள் இலக்கணம்.

இவற்றுள் கடைசி விதியைச் சற்று நின்று நோக்க வேண்டும். அச்சில் ஒரு தகடு மற்றொரு தகட்டோடு மயிரிழை பிசகாமல் பொருந்துவதை ரிஜிஸ்டர் என்பார்கள். சாக்கு அச்சில் அது பிசகுவது அன்றாட நிகழ்வு. நிழலோ இயல்பிலேயே இடம்பெயர்ந்து விழும் பொருள். நிழலுக்குரிய தகடு ஒரு மில்லிமீட்டர் விலகினால் நிழல் ஒரு மில்லிமீட்டர் நீளும்; அவ்வளவே. பார்ப்பவர்க்குப் பிழை தெரியாது. கதிரவன் சற்றுச் சாய்ந்தான் என்றே கொள்வர். பிழையைத் தனக்குள் வாங்கிச் செரித்துக்கொள்ளும் வடிவம் அது. நான்கு மை மங்கல் நிழலில் ஒரு தகடு கால் மில்லிமீட்டர் விலகினாலும் எழுத்தின் ஓரத்தில் செந்நீலக் கோடு பிதுங்கும். ஒரு தொழிலின் வரம்புகளை அறிந்து அதற்குள் அமைத்துக்கொண்ட வடிவம் மேலானதா, வரம்பை அறியாமலே திரையில் கண்டதைத் தாளில் கேட்கும் வடிவம் மேலானதா? அரிசி மூட்டைக்கு இருக்கும் அறிவு கவிதைத் தொகுப்புக்கு இல்லாமற்போனது எங்ஙனம்?

சுவர் எழுத்துக்காரர்களையும் இங்கே நினைக்க வேண்டும். ஃபிளெக்ஸ் பதாகை வந்து அவர்களை வீட்டுக்கு அனுப்புமுன், கட்சிச் சுவர்களிலும் டீக்கடைப் பலகைகளிலும் எழுத்துக்கு 'ஷேடு கொடுப்பது' ஒரு கலையாகவே இருந்தது. ஊர்ப்பக்கத்துப் பெயிண்டர் முதலில் எழுத்தை எழுதுவார்; காய்ந்தபின் தட்டைத் தூரிகையால் ஓரங்களில் இரண்டாம் வண்ணத்தை இழுப்பார். வளைவுள்ள எழுத்தில் எங்கே நிழல் தடிக்க வேண்டும், எங்கே மெலிய வேண்டும், எங்கே முற்றும் நிற்க வேண்டும் என்பதைக் கை அறியும். அக்கை அறிந்ததை மென்பொருள் அறியாது. ஏனெனில் மென்பொருளுக்குத் தமிழ் தெரியாது.

இதனை வேடிக்கையாகச் சொல்லவில்லை. தமிழெழுத்தின் உடலமைப்பே வேறு. 'ண' வின் சுழிகளையும், 'ஐ' காரக் கொம்பின் மடிப்பையும், 'ஞ' வின் வயிற்றையும் எண்ணிப் பாருங்கள். எழுத்துக்குள் இருக்கும் வெற்றிடமே எழுத்தை எழுத்தாக்குகிறது. ரோமன் எழுத்துகளின் நேர்க்கோடுகளுக்கும் அகன்ற வெளிகளுக்கும் பொருந்தும் ஐந்து அலகு நிழல், 'ணை' என்னும் எழுத்தின் சுழிகளுக்குள் விழுந்து அவற்றை அடைத்துவிடுகிறது. 'ண' எது, 'ன' எது என்பதைத் தலைப்பின் பொருள்கொண்டு ஊகிக்க வேண்டியதாகிறது. இதனினும் கொடியது மெய்ப்புள்ளி. மெய்க்குப் புள்ளி இயற்கை என்றார் தொல்காப்பியர். ஓலையில் புள்ளியிட்டால் ஏடு கிழியும் என்பதனால் சுவடி எழுதியோர் பெரும்பாலும் அதனை விட்டுவிட்டனர். விட்ட புள்ளிகளை ஊகித்து, ஒகர ஓகார மயக்கம் தீர்த்து, பாடம் கண்டு பதிப்பித்தவர்களின் உழைப்பின்மேல்தான் நம் சங்க இலக்கிய வாசிப்பு நிற்கிறது. இன்று நிலைமை தலைகீழ். ஒரு புள்ளிக்கு இரு புள்ளி. மெய்யெழுத்தின் தலைமேல் ஒன்று, அதன் வலத்தே கீழே நிழலாய் மற்றொன்று. 'க்' என்பதன் நிழற்புள்ளி அடுத்துவரும் எழுத்தின் தோளில் அமர்ந்து அதையும் மெய்யாக்கப் பார்க்கிறது. ஓலைச்சுவடிக் காலத்தில் இல்லாத புள்ளியைத் தேடினோம். இப்போது இருக்கும் புள்ளிகளில் எது உண்மை என்று தேடுகிறோம்.

தனி மையில் கூர்விளிம்பு நிழலிடும்போது இச்சிக்கல் தானாகவே தீர்ந்துவிடுமா என்றால், தீராது. அங்கும் சுழி அடையும், அங்கும் புள்ளி இரட்டிக்கும். ஆயின் அங்கே நிழல் ஒரு வடிவமாகக் கண்முன் நிற்கிறது. வடிவமைப்பவர் அதனைத் தனித் தகடாகக் காண்கிறார். சுழிக்குள் விழுந்ததை வெட்டி எறியலாம். புள்ளியின் நிழலை நீக்கலாம். கொம்பின் நிழலைச் சுருக்கலாம். சுவர் எழுத்துக்காரர் தூரிகையை நிறுத்தியதுபோல் நிறுத்தலாம். மங்கல் நிழலில் நிறுத்துவதற்கு எதுவுமில்லை. அது முடிவெடுக்காமல் தப்பிப்பதற்காகவே கண்டுபிடிக்கப்பட்டது.

சிற்றிதழ் மரபைப் பேசாமல் இந்த வாதம் நிறைவுறாது. 'எழுத்து' 1959இலும், 'நடை' 1968இலும், 'கசடதபற' 1970இலும் தொடங்கின. பணமில்லாத இதழ்கள். ஒரு வண்ணம், மிஞ்சினால் இரண்டு. ஆதிமூலம் போன்ற ஓவியர் அவ்வறுமைக்குள் வந்து அதனை ஒரு மொழியாகவே ஆக்கினார். காந்தி நூற்றாண்டையொட்டி அவர் வரைந்த கோட்டோவியங்களை அறிந்தோர்க்குத் தெரியும், அங்கே நிழல் என்பது கோடுகள் நெருங்குவது. கறுப்பு ஒன்றே மை. கோடுகள் நெருங்கினால் இருள், விலகினால் ஒளி. அவர் நூல்களுக்கு எழுதிய தலைப்பெழுத்துகளிலும் அவ்வறிவே தொழிற்பட்டது. எழுத்தின் தடிப்பும் மெலிவுமே அதற்கு நிழல். 1974இல் தொடங்கிய க்ரியா, நூல் என்பது உள்ளும் புறமும் சேர்ந்த ஒரு பொருள் என்பதைத் தமிழ்ப் பதிப்புலகுக்குக் கற்பித்தது. அதே காலத்தில் இரு வண்ணத்தில் வந்த அலங்கோலங்களும் ஏராளம். ரிஜிஸ்டர் பிசகி மூக்கு கன்னத்துக்குப் போன மாத நாவல் அட்டைகளை நாமும் படித்து வளர்ந்தவர்களே. பழையதெல்லாம் பொன் என்று சொல்ல வரவில்லை. ஐரோப்பாவில் ரோமெக் மார்பர் 1961இல் பெங்குவின் துப்பறியும் நூல்வரிசைக்குப் பச்சையும் கறுப்பும் வெள்ளையும் மட்டுமே கொண்டு அட்டைகள் அமைத்தாரே, அவர் பெங்குவினுக்குப் பணமில்லாமலா செய்தார்? பச்சையின்மேல் கறுப்புப் புகைப்படம் விழுந்து உண்டாகும் அந்த இருள்தான் கொலைக்கதையின் இருள். வரம்பு அங்கே விரும்பி ஏற்றுக்கொள்ளப்பட்டது.

மறுப்புரைகளை அறிவோம். முதலாவது, 'அட்டையில் என்ன இருக்கிறது, உள்ளே இருப்பதல்லவா இலக்கியம்' என்பது. இதனைச் சொல்பவர் யாப்பும் அணியும் வேண்டாம் பொருள் மட்டும் போதும் என்று சொல்வாரா? உள்ளே ஒற்றுப்பிழை ஒன்று கண்டால் பதிப்பாளரைக் கூண்டிலேற்றும் நாம், அட்டையில் 'ண' அடைந்துகிடப்பதை மட்டும் பொறுத்துக்கொள்ளும் பெருந்தன்மை எங்கிருந்து வந்தது? இதற்குமேல் இம்மறுப்புக்கு விடை தேவையில்லை.

இரண்டாவது விற்பனையாளர் வாதம். புத்தகக் காட்சியின் கூட்டத்தில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பார்கள். சென்னையிலும், அண்மை ஆண்டுகளில் திருவள்ளூரில் மாவட்ட நிர்வாகம் நடத்தும் புத்தகத் திருவிழாவிலும் அரங்குகளின் முன் நின்று பார்த்திருக்கிறோம். எல்லாமே பளிச்சிடும் இடத்தில் எதுவும் பளிச்சிடுவதில்லை. அந்த வண்ணக் கலவரத்தின் நடுவே, ஒரே மஞ்சளும் கறுப்புமாக ஒரு நூல் கிடந்தால் கை தானே அதை நோக்கிப் போகிறது.

மூன்றாவது மறுப்பே வலுவுடையது. அதற்கு மதிப்பளித்து விடை கூற வேண்டும். ஆயிரம் படி அச்சிட்ட காலம் போயிற்று. இன்று கவிதை நூல் நூறு படி, இருநூறு படி எனத் தேவைக்கேற்ப டிஜிட்டல் மெஷினில் எடுக்கப்படுகிறது. அங்கே பெரும்பாலும் நான்கு வண்ணப் பொடிகள்தாம். தனி மைக்கு இடமில்லை. ஐந்தாவது வண்ணம் ஏற்றும் மெஷின்கள் உண்டெனினும் நம் சிறு பதிப்பாளர் கைக்கு அவை எட்டா. உண்மை. ஆனால் தனி மை இல்லையென்பது தனி மையின் ஒழுக்கமும் இல்லையென்று ஆகாது. நான்கு வண்ணப் பொடியிலும் தட்டையான ஒரு வண்ணத்தை எடுத்து, அதன் இருண்ட உடன்பிறப்பு ஒன்றை நிழலாக, கூர்விளிம்போடு வைக்கலாம். எவர் தடுத்தார்? வேறு வழியும் உண்டு. கல்லூரிகளில் வினாத்தாள் அடிக்க நாம் பயன்படுத்திய ரிசோகிராஃப் நினைவிருக்கும். ஒரு வண்ணத்துக்கு ஓர் உருளை. அதையே மேலைநாட்டு ஓவியர்களும் சிறு பதிப்பாளர்களும் இன்று தேடிப்பிடித்து, நீலத்தின்மேல் இளஞ்சிவப்பை இட்டு நிழலெடுத்து, கைப்பட எண்ணிட்டு விற்கின்றனர். நாம் பழைய இரும்புக்குப் போட்ட பொருள் அவர்களுக்குப் புதிய அழகியல். அவர்கள் செய்தபின் நாமும் செய்வோம், அதற்கு ஓர் ஆங்கிலப் பெயரும் வந்தபின்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இப்போது அட்டைகளில் ஸ்பாட் யு.வி. என்னும் பளபளப்புப் பூச்சு பரவியிருக்கிறது. மேட் லேமினேஷனின் மேல் தலைப்பு மட்டும் ஈரமாய் மின்னும். இதனைக் கொண்டு நிழலிட்டவர் உண்டு. நிறமே இல்லாமல், எழுத்தின் அருகில் பூச்சை மட்டும் நிழல்வடிவில் இட்டால், நூலைச் சாய்க்கும்போது நிழல் தோன்றும், நிமிர்த்தினால் மறையும். இது தனி மையின் நேர்வாரிசு, அழகிய உத்தி. ஆயின் மங்கல் நிழலின் மேலேயே இப்பூச்சையும் ஏற்றி, பொன் மையையும் ஏற்றி, எழுத்தைப் புடைக்கவும் செய்யும்போது நூலட்டை திருமண அழைப்பிதழாகிறது. பொன் மை ஒளி ஊடுருவாதது. அதற்குக் கீழே எந்த நிழலும் புதைந்துபோகும் என்பதை அறியாமலே அதையும் செய்கின்றனர்.

நிழல் என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் ஒளி என்றும் பொருளுண்டு. அருள் என்றும் உண்டு. மணியின் நிழல் என்றால் மணியின் ஒளி. 'நிழத்தல்' என்னும் உரிச்சொல்லுக்கு நுணுக்கம் என்று பொருள் கூறுகிறது தொல்காப்பியம். இவ்விரு சொற்களுக்கும் வேர் ஒன்றா என்பதை மொழிநூலாரிடம் விட்டுவிடுவோம். வகுப்பில் இதைச் சொல்லும்போது மாணவர் வியப்பர். அதே மாணவர் மறுநாள் கல்லூரி ஆண்டுமலருக்குக் கேன்வாவில் செய்து கொண்டுவரும் அட்டையில் ஆறு வகை மங்கல் நிழல்கள் இருக்கும். அவர்களைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. அவர்கள் கண்ட நூலட்டைகள் அப்படி. அச்சகத்துக்குள் ஒருமுறையேனும் அவர்களை அழைத்துச்சென்று, மை குழைப்பதையும், ஒரு தாள் முதல் மை மட்டும் ஏறி வெளிவருவதையும், அடுத்த ஓட்டத்தில் கறுப்பு விழுந்ததும் அதே தாளில் நிழல் எழுவதையும் காட்டும் பாடத்திட்டம் எந்தத் தமிழ்த்துறையிலும் இல்லை. இதழியல் தாளில் 'அச்சுக்கலை வரலாறு' என்று ஓர் அலகு இருக்கும். குட்டன்பர்க்கின் பிறப்பிடத்தைக் கேட்டு இரண்டு மதிப்பெண் வினா வரும்.

பதிப்பாள நண்பர்களிடம் நாம் வேண்டுவது மிகச் சிறிது. அட்டைக் கோப்பு அச்சுக்குப் போகுமுன் ஒவ்வொரு தகட்டையும் தனித்தனியே கறுப்பு வெள்ளைப் படியாக எடுத்துத் தரச்சொல்லுங்கள். வழக்கமான வடிவமைப்பு மென்பொருள்கள் அனைத்தும் இதைச் செய்யும். எந்த வடிவமைப்பாளரும் மறுக்க முடியாது. அப்படிகளை மேசைமேல் வரிசையாக வையுங்கள். தலைப்பின் நிழல் நான்கு தாள்களிலும் நான்கு அழுக்குத் திட்டுகளாகத் தெரிந்தால் கோப்பைத் திருப்பி அனுப்புங்கள். ஒரே தாளில், கூர்விளிம்போடு, 'ண' வின் சுழி திறந்தபடி தெரிந்தால், அதன் ஓரத்தில் கையெழுத்திட்டு மெஷினுக்கு விடுங்கள்.